இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு

அன்செல்மோவைத் தேடி இரண்டு சிப்பாய்கள் காம்போவா குன்றின் மேல் ஏறி வந்தபோது காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. அவன் மனைவி ரிக்கார்தீனா வாசலில் உட்கார்ந்து, அக்கராஜே வடைக்கு ஊறவைத்த தட்டைப்பயறைத் தேய்த்துத் தோல் எடுத்துக்கொண்டிருந்தாள். பூட்ஸ் சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அவரு ஊர்ல இல்ல.”

“பின்னாடி நிக்கிறது யாரு?”

“என் அண்ணன்.”

அன்செல்மோ கையில் ரொட்டித் துண்டோடு அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். மூத்த சிப்பாய் சிரித்துவிட்டான்.

“பயப்படாதம்மா. கைது எல்லாம் இல்ல. ஆயுதக் கிடங்குல லெப்டினன்ட் ஐயா கூப்பிடுறாரு. சும்மா ஒரு சின்ன வேலை.”

“சும்மா ஒரு சின்ன வேலைக்கு எதுக்குய்யா ரெண்டு துப்பாக்கி?”

அன்செல்மோ ரொட்டியை அவள் மடியில் போட்டுவிட்டுக் கிளம்பினான். கல் பாவிய தெரு, காலை வைத்துப் பழகிய தெரு, அன்றைக்கு வழுக்கிக்கொண்டே வந்தது.

அந்த டிசம்பரில் ரியோ நகரத்தில் யாரும் யாரையும் சும்மா கூப்பிடவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் கடற்படையின் பெரிய கப்பல்களில் மாலுமிகள் கலகம் செய்திருந்தார்கள். ஒருவனுக்கு இருநூற்றைம்பது கசையடி கொடுத்ததைப் பொறுக்க மாட்டாமல் எழுந்தவர்கள், பீரங்கிகளை நகரத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நாலு நாள் வளைகுடாவில் சுற்றினார்கள். கேட்டது ராஜ்ஜியம் ஒன்றும் இல்லை. எங்களை அடிக்காதீர்கள் என்றார்கள், அவ்வளவுதான். அடிமைமுறையை ஒழித்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் கப்பலில் மட்டும் கசை ஒழியவில்லை. அரசாங்கம் நடுங்கிப்போய் பொதுமன்னிப்பு என்றது, இனிமேல் கசை கிடையாது என்றது. பாவிகள் நம்பிக் கப்பலை ஒப்படைத்தார்கள். ஒப்படைத்த இரண்டாம் நாளே யாரை வேண்டுமானாலும் வேலையைவிட்டு நீக்கலாம் என்று உத்தரவு வந்தது. அப்புறம் வளைகுடாத் தீவில் இன்னொரு கலகம், நெருக்கடி நிலை, வீடு வீடாகச் சோதனை. கலகத்தில் இருந்த மாலுமி என்று தெரிந்தால், துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலில் ஏற்றி வடக்கே ரப்பர் காட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உயிரோடு போய்ச் சேர்வார்களா என்று கேட்டால் எல்லாரும் வேறு பேச்சுக்குத் தாவினார்கள்.

அன்செல்மோவும் மாலுமிதான், பதினெட்டு வருஷ சர்வீஸ். ஆனால் அவன் அடி வாங்கினவன் இல்லை, அடித்தவன். ‘சாந்தா கித்தேரியா’ கப்பலில் யாருக்குக் கசையடி என்றாலும் கேப்டன் அவனைத்தான் கூப்பிடுவார். கூட இருந்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘கை’. ‘கை வருதுடா’ என்று யாராவது முணுமுணுத்தால் பேச்சு நின்றுவிடும். அவனுக்கும் அதே கறுப்புத் தோல், அதே புழுத்த அவரை, அதே தொங்கு படுக்கை. உத்தரவு போட்டார்கள், அடித்தான். மாட்டேன் என்றால் அடுத்தது அவன் முதுகு. யாரும் கேட்காதபோதுகூட இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவன் வழக்கம்.

ஒரே இடத்தில் இரண்டு தடவை விழாமல் அடிப்பான். விலாவுக்குக் கீழே படவே விடமாட்டான். தன்னிடம் நூறு அடி வாங்கினவன் ஒருத்தன்கூடச் செத்ததில்லை என்று ஒருமுறை ரிக்கார்தீனாவிடம் பெருமையாகச் சொன்னான். அவள் ஒரு வாரம் அவனுக்குச் சோறு போடவில்லை. மனுஷன் பெருமைப்படுவதற்கு எங்கெங்கே போய் இடம் தேடுகிறான் பாருங்கள்.

ஆயுதக் கிடங்கின் கயிற்றுக் கொட்டகையில் லெப்டினன்ட் பித்தாங்கா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். இளம் வயது, சுத்தமான நகம், அமைதியான குரல். அவர் வேறு கப்பலில் இருந்தவர். அன்செல்மோவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

“உட்காரு அன்செல்மோ. காப்பி குடி.”

அதிகாரி ஒருவர் அவனை உட்காரச் சொன்னது பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவன் நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தான்.

“நேத்து சுமைகூலிக்காரங்க தங்குற விடுதியில பதினாலு பேரைப் புடிச்சோம்,” என்றார் லெப்டினன்ட். “எல்லாரும் மூட்டை தூக்குறவங்கன்னு சாதிக்கிறாங்க. ஒம்பது பேருக்கு முதுகு சுத்தமா இருந்துச்சு, அனுப்பிட்டேன். மீதி அஞ்சு பேருக்குத் தழும்பு. தழும்பு இருந்தா மாலுமின்னு முடிவு கட்டிடலாம். ஆனா அதுல ரெண்டு பேரு வயசானவங்க, தோட்டத்துல அடிமையா இருந்தப்ப வாங்கினதுங்கிறாங்க. மத்த மூணு பேரும் போலீஸ் அடிச்சதுங்கிறாங்க. எனக்குத் தப்பான ஆளை அனுப்ப இஷ்டமில்ல. நான் நியாயமா நடக்கிறவன்.”

சங்கடமே அதுதான். அவர் உண்மையிலேயே நியாயமாக நடக்கிறவர். முரடனாக இருந்தால் ஐந்து பேரையும் ஏற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான். இப்படிக் கயிற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து உண்மையைத் தேடிக்கொண்டிருக்க மாட்டான்.

“நீ அடிச்ச முதுகு உனக்குத் தெரியாமப் போயிடுமா?”

“அதெப்படி ஐயா தெரியாமப் போகும்?”

வாய் தவறி வந்துவிட்டது. பழைய பெருமை ஒரு நொடி தலையை நீட்டிப் பேசிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான், என்ன பிரயோஜனம்.

“அதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். உன் பேரும் என் பட்டியல்ல இருக்கு. கலகம் நடந்த நாலு நாளும் நீ கப்பலை விட்டு இறங்கல. உன்னோட ஆளுங்களை அடையாளம் காட்டினா உன் பேரை இப்பவே அடிச்சிடறேன், வீட்டுக்குப் போ. மாட்டேன்னா, கப்பல் ஏணி ரெடியா இருக்கு.”

அன்செல்மோ காப்பிக்குக் கையை நீட்டினான். நீட்டின கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டான். அது இடது கை.

அந்தக் கணத்தில்தான் அவனுக்கு உறைத்தது. அவன் பிறவியிலேயே இடக்கைக்காரன். முதுகுக்குப் பின்னால் நின்று வலது கையை ஓங்கினால், தழும்பு வலது தோளில் தொடங்கி இடது இடுப்பில் இறங்கும். தோட்டத்து மேஸ்திரியானாலும் போலீஸானாலும் அப்படித்தான். அவன் அடித்தால் மட்டும் இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு. இது லெப்டினன்டுக்குத் தெரிந்துவிட்டால் அவன் வாயே திறக்க வேண்டாம். குருடன்கூடத் தடவிப் பார்த்துப் பிரித்துவிடுவான். அன்செல்மோ இடது கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வலது கையால் கோப்பையை எடுத்தான். பாதிக் காப்பி கால்சட்டையில் கொட்டியது.

“என்னப்பா, கை நடுங்குது?”

“குளிர் ஐயா.”

டிசம்பர் மாத ரியோவில் குளிர்! வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

ஐந்து பேரையும் கொண்டுவந்து சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முகத்தைக் காட்டாமல் முதுகை மட்டும் காட்டி நின்ற அந்த ஐந்து பேரில் ஐந்தாவது ஆளைப் பார்த்ததும் அன்செல்மோவுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. அந்த முதுகை அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். பெல்மிரோ.

பெல்மிரோ கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன், பெர்னாம்புகோ பக்கத்து ஆள், இருபத்தெட்டு வயது. கரும்புச் சாராயம் கடத்தினான் என்று ஆகஸ்ட் மாதம் நூறு அடி. அடித்தது அன்செல்மோ. கலகத்தின் முதல் நாள் காலையில், நங்கூரச் சங்கிலி அறையில் ஒளிந்திருந்த அன்செல்மோவை இழுத்து வந்தார்கள். கடலில் தள்ளு என்று சிலர், முதலில் முதுகை உரி என்று சிலர். பெல்மிரோதான் குறுக்கே வந்து நின்றான்.

“சரி, அடிக்கலாம். கசையை யாரு புடிக்கிறீங்க? வாங்க, முன்னாடி வாங்க.”

ஒருவரும் வரவில்லை.

“அப்ப அந்த வேலைக்கு இந்தக் கப்பல்ல ஆள் கிடையாது. முடிஞ்சுது. இவனைப் பாத்திரம் தேய்க்க அனுப்புங்கடா.”

நாலு நாளும் அன்செல்மோ பாத்திரம் தேய்த்தான். ஒருமுறை நன்றி சொல்ல அருகில் போனான். பெல்மிரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த முகத்திருப்பல் அன்றுவரை நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

“ம், ஆரம்பி,” என்றார் லெப்டினன்ட்.

முதல் ஆள் இருபது வயது கூட இருக்காது என்று தோன்றும் ஒல்லிப்பிச்சான். பெயர் ஞாபகம் இல்லை. முதுகு ஞாபகம் இருந்தது. மார்ச் மாதம், காவலில் தூங்கினதற்கு இருபத்தைந்து. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு.

“போலீஸ் அடி ஐயா,” என்றான் அன்செல்மோ. “பிரம்பு. எங்க கயிறு இப்படி அகலமா விழாது.”

லெப்டினன்ட் தலையை ஆட்டினார். எழுதவில்லை. அவர் எழுதாதது அன்செல்மோவுக்கு எழுதுவதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டாவது, நரைத்த தலை. அகலமான, பழைய, வெளுத்துப்போன தழும்புகள், வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு. வேறு யாரோ, எப்போதோ, தோல் வாரால் அடித்தது. “தோட்டத்து அடி ஐயா.” இதில் பொய் இல்லை என்பதால் குரல் கொஞ்சம் தெளிவாக வந்தது. மூன்றாவது ஆளும் கிழவன், மக்காரியோ என்று பெயராம். அவனுக்கும் அதே வலது தோள், அதே தோல் வார். நாலாவது கப்பல் ஆள்தான், அன்செல்மோவின் கைதான். போலீஸ் என்றான். ஐந்தாவது பெல்மிரோ. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றபோது, அங்கே ஒரு அங்குலம் வெறும் தோல் இல்லை என்பதை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தான். அடிக்கும்போது எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

“போலீஸ்,” என்றான்.

“அஞ்சு பேர்ல ஒருத்தன்கூட உன் ஆள் இல்லையா?”

“இல்ல ஐயா.”

“நிச்சயமா?”

“மாதா சத்தியமா ஐயா.”

லெப்டினன்ட் பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை. பேனாவை மையில் தொட்டார். “சரிப்பா. அப்ப நீ ஏறு. சிப்பாய், இவனைக் கூட்டிட்டுப் போ.”

இரண்டு சிப்பாய்களும் இரண்டு பக்கமும் வந்து தோளைப் பிடித்தார்கள். ரிக்கார்தீனா தோல் எடுத்துவைத்த பயறு கண் முன்னால் வந்தது. கடல் வந்தது, காடு வந்தது. அந்தக் கப்பலின் அடித்தளம் முழுக்கத் தன் கையால் அடி வாங்கினவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வந்தது. அங்கே பெல்மிரோ போலக் குறுக்கே நிற்க யாரும் இருக்கப்போவதில்லை.

“இருங்க ஐயா! இருங்க. இவன்... இந்தக் கிழவன். இது என் கைதான்.”

அவன் வலது கை மக்காரியோவைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஏன் கிழவனைக் காட்டினான் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டான். அந்தச் சமயத்தில் கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. கிழவன் மாலுமி இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும், அவனை விட்டுவிடுவார்கள். தானும் தப்பலாம், பெல்மிரோவும் தப்பலாம், ஒருத்தருக்கும் நஷ்டமில்லை. பயந்தவன் போடுகிற கணக்கு எல்லாமே இப்படிக் கச்சிதமாகத்தான் இருக்கும்.

லெப்டினன்ட் எழுந்து வந்து மக்காரியோவின் முதுகைப் பார்த்தார். விரலால் ஒரு தழும்பைத் தொடர்ந்துகொண்டு போனார். வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரைக்கும். அப்புறம் ஒல்லிப்பிச்சானின் முதுகுக்குப் போனார், மற்ற மூன்று முதுகுகளையும் பார்த்தார். திரும்பி வந்தார். முகம் மலர்ந்தது.

“அட! இதைப் பாருங்கய்யா. உன் கை இப்படிச் சாயுது. இவங்க மூணு பேருக்கும் எதிர்ப்பக்கமா சாயுது. அப்ப இவங்களை அடிச்சது நீ இல்ல, சரிதான். ஆனா இந்த இன்னொரு கிழவன் முதுகும் உன் சாய்வுதான். அவனைத் தோட்டத்து அடின்னு சொன்னியே?”

அன்செல்மோவின் முகத்தில் ஈயாடவில்லை. “வயசானவரு ஐயா... பாவமா இருந்துச்சு.”

“இரக்கப்பட்டியா? பரவாயில்ல.” லெப்டினன்ட் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். “மூணு பேரும் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. கிழவனுங்க ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க.”

இப்படித்தான், ஒரு பொய்யும் ஒரு புத்திசாலியும் சேர்ந்து, கப்பலையே தொடாத இரண்டு கிழவர்களைக் கலகக்காரர்கள் ஆக்கினார்கள்.

மக்காரியோ சுவரிலிருந்து திரும்பினான். “ஐயா, நான் முழங்காலுக்கு மேல கடல்ல எறங்கினதே இல்லீங்க. எனக்கு அம்பத்திமூணு வயசு. இது வசூராஸ் பக்கம் காப்பித் தோட்டத்துல வாங்கினது. பதிமூணு வயசுல ஒரு மாட்டைத் தொலைச்சுட்டேன். மேஸ்திரி பேரு கூட ஞாபகம் இருக்கு, சொல்லட்டுங்களா? செவரீனோ. மூக்குல ஒரு மரு இருக்கும்.”

“உன்னை அடிச்சவனே இங்க நிக்கிறான், பெரியவரே. மேஸ்திரி எதுக்கு?”

கிழவன் அன்செல்மோவைப் பார்த்தான். திட்டவில்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தான். “தம்பி, நீ யாருப்பா? நான் உன்னைப் பார்த்ததே இல்லையே.”

அப்போது அன்செல்மோ ஒரு விஷயத்தைக் கவனித்தான். மக்காரியோ அந்த விடுதியின் மூத்த ஆள். அந்த மூன்று பேரும் யார் என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. கப்பலிலிருந்து ஓடி வந்தவர்களுக்குப் பாயும் பழைய சட்டையும் கொடுத்து மறைத்து வைத்திருந்ததே அவனாகத்தான் இருக்க வேண்டும். ‘மாலுமி நான் இல்லை, இதோ இவங்க’ என்று ஒரு விரலை நீட்டினால் போதும், அந்த நிமிஷமே விடுதலை. நீட்டவில்லை. மாடு தொலைந்த கதையையே திரும்பத் திரும்பச் சொன்னான், தேம்பிக்கொண்டே சொன்னான், அந்த மூன்று பேர் இருந்த பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அன்செல்மோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் வாழ்க்கையில் யாருக்கு முன்னாலும் அவ்வளவு சின்னவனாக நின்றதில்லை.

ஒல்லிப்பிச்சானும் நாலாவது ஆளும் சட்டையை மாட்டினதும் மாட்டாததுமாக வெளியே பாய்ந்தார்கள். பெல்மிரோ மட்டும் நிதானமாகப் பொத்தான் போட்டான். ஒரு பொத்தான். இன்னொரு பொத்தான். தப்பாகப் போட்டுக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து போட்டான். போய்த்தொலையேன்டா என்று அன்செல்மோ மனசுக்குள் கெஞ்சினான். கடைசிப் பொத்தான் வரைக்கும் போட்டு முடித்த பிறகு, வெளியே போன இருவரும் தெருமுனை தாண்டியிருப்பார்கள் என்ற நேரம் வந்த பிறகு, பெல்மிரோ மேஜைக்கு முன்னால் வந்து நின்றான்.

“லெப்டினன்ட் ஐயா, இந்த மாமாவை விட்ருங்க. இவரு கப்பல்ல காலே வச்சதில்ல. நான்தான் மாலுமி. ‘சாந்தா கித்தேரியா’, கொதிகலன் ஆள்.”

லெப்டினன்ட் சலித்துக்கொண்டார். “உனக்கு இந்தக் கிழவன் என்ன உறவு?”

“சோறு போட்டாரு.”

“அதுக்காக உயிரைக் கொடுக்கறியா? உன் முதுகு பொய் சொல்லாது. சாய்வு வேற. போப்பா, நாடகம் போடாத.”

“நெசமாத்தான் சொல்றேன் ஐயா.”

“அன்செல்மோ, இவன் உன் கப்பலா?”

பெல்மிரோ அன்செல்மோவைப் பார்த்தான். கப்பலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் இப்போது நேராகப் பார்த்தான். ‘இவன் நொட்டாங்கைக்காரன், கையை நீட்டச் சொல்லுங்க’ என்று சொல்லியிருக்கலாம். நாலு மாதமாக அந்த இடது கையைத் தவிர அவன் எதை நினைத்திருப்பான்? சொல்லவில்லை. காத்துக்கொண்டிருந்தான்.

“தெரியல ஐயா,” என்றான் அன்செல்மோ.

“கேட்டுக்கிட்டியா? கிளம்பு. சிப்பாய், இவனை வெளியில தள்ளு.” லெப்டினன்ட் காகிதத்தைத் திருப்பி அன்செல்மோவின் பக்கம் தள்ளினார். “‘மேற்படி இருவரும் என் கப்பலில் என் கையால் தண்டனை பெற்ற மாலுமிகள்’னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடு. வீட்டுக்குப் போ.”

எல்லாம் அவன் நினைத்தபடியே முடிந்திருந்தது. பெல்மிரோவைச் சிப்பாய் கதவு வரைக்கும் தள்ளிவிட்டான். தன் பெயரின் மேல் கோடு விழப்போகிறது. மக்காரியோ சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, போடத் தெரியாதவன் போல் கைகள் தொங்க நின்றான். வலது கையால் ஒரு கோணல் கோடு கிறுக்கினால் போதும், எழுதத் தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பயம் குறையவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்: அவன் வீரன் ஆகிவிடவில்லை, கடைசி வரைக்கும் நடுங்கிக்கொண்டேதான் இருந்தான். நடுங்கிக்கொண்டே இடது கையைப் பையிலிருந்து எடுத்து, பேனாவைப் பிடித்து, ‘அன்செல்மோ பெசேரா’ என்று ஒவ்வொரு எழுத்தாக, மாலுமிப் பள்ளியில் கற்றுக்கொண்ட அழகான கையெழுத்தில், நிறுத்தி எழுதினான்.

லெப்டினன்ட் காகிதத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ... எப்ப இருந்து அந்தக் கையால?”

“பொறந்ததுல இருந்து ஐயா. அடிச்சதும் இதாலதான்.”

லெப்டினன்ட் கதவுப் பக்கம் போய், பெல்மிரோவின் சட்டையைப் பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார். முன்னால் போன இருவரையும் பிடிக்க ஒரு சிப்பாயைத் தெருவுக்கு விரட்டினார். அவன் அரைமணி நேரம் கழித்து மூச்சிரைக்க வெறும் கையோடு திரும்பி வந்தான். காம்போவா சந்துகளில் நுழைந்தவர்களை எவன் பிடிக்க முடியும்? கிழவர்கள் இருவரையும் லெப்டினன்ட் அப்போதே அனுப்பிவிட்டார். நியாயமாக நடக்கிறவர் என்று சொன்னேனே. மக்காரியோ வாசல் வரைக்கும் போய், திரும்பி வந்து பெல்மிரோவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் காவல் அறையில் இருந்தார்கள், ஒரே அறையில். பெல்மிரோ ஒரு மூலை, அன்செல்மோ எதிர் மூலை. முதல் நாள் பூராவும் பேச்சே இல்லை. இரண்டாம் நாள் அன்செல்மோவால் பொறுக்க முடியவில்லை.

“பெல்மிரோ, உன்னையும் சேர்த்து மாட்டிவிட்டுட்டேன்.”

“நான்தான வந்து நின்னேன். உனக்கென்ன?”

“ஆகஸ்ட்டுல நடந்ததுக்கு...”

“அதை விடு.”

“மன்னிச்சிட்டியா?”

“இல்ல.” பெல்மிரோ சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். “முதுகு இன்னும் மழை வந்தா இழுக்குது. மன்னிக்கிறதாவது. பேசாம தூங்கு.”

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விலங்கில் இரண்டு பேர். இவர்கள் இருவரும் ஒரு ஜோடி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டத்தில் ரிக்கார்தீனாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“ஏய்யா, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கையெழுத்தை எந்தக் கையால போட்டா என்னய்யா?” கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பின்னால் நின்ற யாரோ அவளுக்குக் கிழவர்கள் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் குரல் இறங்கியது. அப்புறம், “மூட்டையில பழைய சட்டை வச்சிருக்கேன், சிப்பாய்கிட்ட கேட்டு வாங்கிக்கோ,” என்றாள். சிப்பாய் அந்த மூட்டையைக் கொடுக்கவே இல்லை.

ஏணியடியில் ஒரு குமாஸ்தா பட்டியலோடு உட்கார்ந்திருந்தான். ஏணிக்கு மேலே, கப்பலின் விளிம்பில், முன்னாலேயே ஏறினவர்களின் முகங்கள். மாலுமிகள். வேறு வேறு கப்பல்காரர்கள். ‘சாந்தா கித்தேரியா’க்காரர்கள் அதில் இருக்கிறார்களா என்று அன்செல்மோ ஒவ்வொரு முகமாகத் தேடினான். ‘கை’ என்ற பெயர் எல்லாக் கப்பலுக்கும் தெரியும். ஒருத்தன் சொன்னால் போதும், ரப்பர் காடு வரைக்கும் போக வேண்டியிருக்காது.

“பேரு?”

“பெல்மிரோ கவால்காந்தி.”

“வேலை?”

“கொதிகலன். கரி.”

குமாஸ்தா எழுதினான். பக்கத்திலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்துப் பெயருக்கு நேராக ஒரு சின்னச் சிலுவைக் குறி போட்டான்.

“அடுத்தது. பேரு?”

“அன்செல்மோ பெசேரா.”

“வேலை?”

அன்செல்மோ வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. மேலே இருந்த முகங்கள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தன.

“ஊமையா நீ? கப்பல்ல என்ன வேலை பார்த்த?”

“கரி,” என்றான் பெல்மிரோ. அன்செல்மோவின் பக்கம் திரும்பாமலே சொன்னான். மேலே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னான். “எங்கூட கரி அள்ளினவன். கலகத்துலயும் எங்கூடத்தான் இருந்தான்.”

குமாஸ்தா கரி என்று எழுதினான். சிவப்புப் பென்சில் இன்னும் அவன் விரல்களுக்கு இடையில்தான் இருந்தது. அதைக் கொண்டு அன்செல்மோவின் பெயருக்கு நேராகவும் ஒரு சிலுவைக் குறி போட்டான்.

அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ஏணியில் ஏறினவர்கள் யாருக்கும் தெரியாது. கப்பல் கரையை விட்டுச் சில நாள் கழித்து, அந்தக் குறி இருந்த பெயர்களை மட்டும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டுத் துப்பாக்கி ஏந்தினவர்களுக்கு முன்னால் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் அன்செல்மோ தலைகீழாகப் பட்டியலை எட்டிப் பார்த்தான். பெல்மிரோவுக்கும் தனக்கும் ஒரே குறி போட்டிருப்பதைப் பார்த்தான். பிரித்து வைக்க மாட்டார்கள் என்று நினைத்தான். மூன்று நாளில் முதன்முறையாக அவன் பயம் கொஞ்சம் தணிந்தது. விலங்கு இழுக்க, பெல்மிரோவுக்குப் பின்னால் ஏணியில் கால் வைத்தான்.